பேயும் சிரிப்பும் பாதி நியாயமும்

1964ஆம் ஆண்டு ஸ்ரீதரின் இயக்கத்தில் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தைப் பார்த்திராத தமிழர் மிகச் சிலரே. அதில் ஒரு காட்சி. படம் எடுக்கப் போகிறேன் என்று சொல்லித் திரியும் மகன் நாகேஷ், அதற்குப் பணம் தரவேண்டிய தகப்பனார் பாலையாவை உட்காரவைத்துக் கதை சொல்கிறார். கதை என்று சொல்லத்தக்கது அதில் ஒன்றுமில்லை. இருட்டும் ஓசைகளுமே கதை. அந்த ஓசைகள் யாவும் நாகேஷின் வாயிலிருந்தே பிறக்கின்றன. கேட்டுக்கொண்டிருக்கும் பாலையாவின் முகத்தில் அச்சம் படிப்படியாக ஏறுகிறது. அவர் நடுங்க நடுங்கக் கொட்டகை குலுங்குகிறது. பேய் கடைசிவரை வரவேயில்லை. பாழடைந்த மாளிகை இல்லை, முகச்சாயம் இல்லை, தந்திரக் காட்சி இல்லை. சொல்ல ஒருவர், கேட்க ஒருவர், உட்கார ஓர் ஆசனம். அறுபது ஆண்டுகள் கடந்தும் அக்காட்சி பழசாகவில்லை.

டி. எஸ். பாலையாவின் பெயரில் முன்நிற்கும் 'டி' என்னும் எழுத்து திருநெல்வேலியைக் குறிப்பது. நம் ஊர்ப் பெயரைத் தலையில் சுமந்த ஒரு கலைஞர், பயப்படுகிறவனின் முகமே சிரிப்பின் ஊற்று என்று காட்டிச் சென்றார். அச்சமும் நகையும் அண்டை வீட்டார். நடுவே இருப்பது ஒரு மண்சுவர்தான். அந்தச் சுவரைத் தட்டத் தெரிந்தவன் கலைஞன்; இடித்துத் தள்ளுகிறவன் வியாபாரி. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, அண்மைக் காலத்தில் தமிழில் பெருகிய பேய்ச் சிரிப்புப் படங்களைப் பார்க்க விரும்புகிறோம்.

2007இல் ராகவா லாரன்ஸின் 'முனி' வந்தது. 2011இல் அதன் தொடர்ச்சியாக வந்த 'காஞ்சனா' பெருவெற்றி கண்டது. பிறகு அணை உடைந்தது. 2014இல் 'யாமிருக்க பயமே', அதே ஆண்டில் சுந்தர் சி.யின் 'அரண்மனை', 2015இல் 'டார்லிங்', 'காஞ்சனா 2', 2016இல் 'தில்லுக்கு துட்டு', 'அரண்மனை 2' என்று வரிசை நீண்டது. 2024இல் 'அரண்மனை'யின் நான்காம் பாகம் வந்தபோதும் கூட்டம் குறையவில்லை. இவற்றில் சில பெரும் பணம் போட்டு எடுக்கப்பட்டவை. ஆயினும் இவற்றைப் பார்த்து முளைத்தவை, ஒரே வீட்டையும் நாலைந்து நடிகர்களையும் வைத்துக்கொண்டு சிறு முதலில் எடுக்கப்பட்ட எண்ணற்ற படங்கள். பெயர் நினைவில் நில்லாத அப்படங்களும் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வருகின்றன. நம் வீடுகளில் உம்மாமார்களும் பேரப்பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

கற்றவர்கள் இவற்றைக் குப்பை என்று ஒதுக்குகிறார்கள். மார்க்கப் பற்றுள்ள பெரியவர்கள் பார்க்கவே கூடாதவை என்கிறார்கள். விநியோகஸ்தர்களோ, மக்கள் விரும்புகிறார்கள் என்று சொல்லிக் கணக்கை மூடுகிறார்கள். மக்கள் எதை விரும்புகிறார்கள், விரும்பியது அவர்களுக்கு முழுதாகக் கிடைக்கிறதா என்னும் கேள்வியை இம்மூவரும் கேட்கவில்லை. நாம் கேட்டுப் பார்ப்போம்.

கவர்ச்சியின் வேர்

நம் இளமையில் விட்டலாச்சாரியாவின் 'ஜகன்மோகினி' வந்தது. 1978ஆம் ஆண்டின் தெலுங்குப் படம். தமிழ் பேசிக்கொண்டு நம் ஊர்களிலெல்லாம் ஓடியது. பேய்ப்பெண் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்துச் சமைக்கும் காட்சியை அன்றைய பிள்ளைகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கொட்டகைக்குள் விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டாம் ஆட்டம் முடிந்து, ஜங்ஷனிலிருந்து சுலோசன முதலியார் பாலத்தின் மேல் நடந்து கொக்கிரகுளம் வழியாக மேலப்பாளையம் திரும்பும்போது, கீழே ஓடும் தாமிரபரணியின் சலசலப்பு வேறு ஓசையாகக் கேட்டது. நால்வர் சேர்ந்து வந்தோம். நால்வரும் உரக்கப் பேசிக்கொண்டே வந்தோம். ஏன் உரக்கப் பேசினோம் என்பது நால்வருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை.

இப்படங்களின் முதற் கவர்ச்சி இதுதான். தனியே இருக்கையில் வரும் பயம் மனிதனைச் சிறுமைப்படுத்துகிறது. கூட்டத்தோடு பயந்து, கூட்டத்தோடு சிரித்துவிட்டால் அந்தப் பயம் எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது. பொதுவான பயம் பாதிப் பயம். பக்கத்து இருக்கைக்காரர் நம்மைவிட முன்னால் அலறிவிட்டால் அவர்மீது நமக்கு ஓர் அன்பே பிறக்கிறது. வீட்டிலே தனியே கைப்பேசியில் பார்ப்பவனுக்கு இந்த ஆறுதல் இல்லை. நகைச்சுவைப் பேய்ப் படம் இன்றும் கொட்டகைக்கு ஆள் இழுப்பதற்கு இதைவிட வேறு மர்மம் வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் சிக்கனம். பேய்க் கதைக்கு வேண்டியது ஒரு வீடும் ஓர் இரவும். இந்தியில் ராம்சே சகோதரர்கள் 1972இல் 'தோ கஸ் ஸமீன் கே நீச்சே' என்னும் படத்தைக் குடும்பமே தொழிலாளராக நின்று சிறு செலவில் எடுத்து முடித்து, ஒரு வகையையே நிலைநாட்டினார்கள். தமிழில் 2012இல் கார்த்திக் சுப்புராஜின் முதற் படமான 'பீட்சா' வந்தது. அதன் நடுப்பகுதி முழுவதும் இருண்ட பங்களாவுக்குள் கைவிளக்கோடு அலையும் ஓர் இளைஞனை மட்டுமே நம்பி நிற்கிறது. அவன் சொன்ன பேய்க் கதை முழுவதும் முதலாளியை ஏய்க்கக் கட்டிய பொய் என்பது பிற்பாடு தெரிகிறது. எண்ணிப் பார்த்தால் அது நாகேஷ் பாலையாவுக்குச் சொன்ன கதையின் பேரப்பிள்ளை: சொல்ல ஒருவன், நம்பி நடுங்க ஒருவன், நடுவே பணம். கையில் காசில்லாத இளைஞர்கள் திரையுலகில் நுழைய இந்த வாசல் திறந்தே இருக்கிறது. அதற்காக இவ்வகைக்கு நன்றி சொல்லவே வேண்டும்.

மூன்றாவது, கோழையான கதாநாயகன். தமிழ்த் திரையில் நாயகன் என்றால் இருபது பேரை அடிப்பவன். 'முனி'யிலும் 'காஞ்சனா'விலும் வரும் நாயகனோ, பொழுது சாய்ந்தால் வெளியே போகமாட்டான். இரவில் சிறுநீர் கழிக்கத் தாயைத் துணைக்கு அழைக்கிறான். தாயாக வரும் கோவை சரளாவும் அண்ணியாக வரும் தேவதர்ஷினியும் பயத்தைக் குடும்பச் சொத்தாகப் பகிர்ந்துகொள்ளும் காட்சிகளில் உண்மையான நகை இருக்கிறது. ஆண்மகன் பயப்படலாம், பயந்தாலும் அவன் வீட்டுக்கு வேண்டியவனே என்று ஒரு வெகுஜனப் படம் சொல்வது சிறிய செய்தியன்று. வீரம் பேசியே களைத்த நம் இளைஞர்களுக்கு அது ஓர் இளைப்பாறல்.

நான்காவதே நாம் மிகவும் முக்கியமாகக் கருதுவது. இப்படங்களில் பேயாக வருபவர் யார் என்று பாருங்கள். 'முனி'யில் வரும் ஆவி, வீடு தருவதாக வாக்களித்த அரசியல்வாதியை நம்பி ஏமாந்து கொல்லப்பட்ட குடிசைவாசி. 'காஞ்சனா'வில், பெற்ற தகப்பனால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தைச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரிடம் பறிகொடுத்துக் கொலையுண்ட திருநங்கை. 'காஞ்சனா 2'இல் கால் ஊனமுற்ற பெண். 'அரண்மனை 2'இல் விரும்பியவனை மணந்ததற்காகச் சொந்த வீட்டாராலேயே கொல்லப்பட்ட மகள். வாழும்போது யாருடைய வழக்கு காவல் நிலையத்தில் பதியப்படாதோ, யாருடைய மனு அலுவலகத்தில் தூசி படிந்து கிடக்குமோ, அவர்களே செத்த பிறகு பேயாக வந்து தீர்ப்பு எழுதுகிறார்கள். ஏழைக்குக் கிடைக்கும் கடைசி நீதிமன்றமாகத் திரை இருக்கிறது.

இது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்ததன்று. பொருநைக் கரைக்கு இது பழைய செய்தி. வஞ்சித்துக் கொல்லப்பட்ட பெண் பேயாக எழுந்து பழி தீர்த்த நீலியின் கதை நெல்லையிலும் குமரியிலும் இசக்கியின் கதையாக வில்லுப்பாட்டில் ஒலிக்கிறது. பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலை ஒட்டி வழங்கும் முத்துப்பட்டன் கதையோ, சாதியைத் துறந்து சக்கிலியர் வீட்டுப் பெண்களை மணந்து, மாடு கவர வந்தவர்களோடு பொருது மடிந்த அந்தணனின் கதை. பேராசிரியர் நா. வானமாமலை இத்தகைய கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்தபோது, அகாலமாய்க் கொலையுண்டவர்களே இங்கே தெய்வமாகிறார்கள் என்பதைத் தமிழ் படித்த உலகம் கவனிக்கத் தொடங்கியது. நம் நம்பிக்கை வேறு. ஆனால் அக்கதைகளுக்குப் பின்னால் நிற்கும் நீதியின் தாகம் எந்தச் சமயத்தாருக்கும் அன்னியமானதன்று. வில்லடிப்பவர் கொலையைப் பாடிக் கண்ணீர் வரவழைப்பார்; சற்று நேரத்தில் பக்கப்பாட்டுக்காரரோடு சேர்ந்து சிரிக்கவும் வைப்பார். பேய்ச் சிரிப்புப் படத்தின் பாட்டனார் ஹாலிவுட்டில் இல்லை. நம் கொடைவிழாப் பந்தலில் இருக்கிறார்.

குறை எங்கே?

இவ்வளவு வளமான வேரிலிருந்து வந்த மரம் ஏன் சோடையாகக் காய்க்கிறது? பணம் போதவில்லை என்பது பதிலாகாது. பாலையா காட்சிக்கு ஆன செலவு என்ன? செலவு குறைந்த படத்தில் சுவர் அட்டைச் சுவராகத் தெரிவதையும், பேயின் வெள்ளைச் சேலையில் கயிறு தெரிவதையும் மக்கள் பெரிதுபடுத்துவதில்லை. அவையும் சிரிப்புக்கு உதவுகின்றன. சிக்கனத்தை நாம் குறை சொல்லமாட்டோம். சோம்பலையே குறை சொல்கிறோம்.

முதற் சோம்பல் ஓசை. அஞ்சவைக்கத் தெரியாதபோது இவர்கள் அலறவைக்கிறார்கள். கதவு திறந்தால் இடி. பூனை தாண்டினால் இடி. அண்ணி திரும்பிப் பார்த்தாலும் இடி. காதைக் குத்தும் ஓசைக்கு உடம்பு துள்ளுவது அச்சமன்று. அது நரம்பின் வேலை. அச்சம் மௌனத்தில் வளர்வது. அடுத்த அறையில் குழந்தையின் தொட்டில் ஆடுகிறது, காற்று இல்லை என்று சொன்னால் போதும். அந்த மௌனத்தைத் தாங்கும் பொறுமை இப்படங்களுக்கு இல்லை. நகையிலும் இதே கதைதான். அடி, உதை, கன்னத்தில் அறை, ஒருவர்மேல் ஒருவர் விழுதல். சொல்லில் நகை பிறக்காதபோது கை நீள்கிறது.

இரண்டாம் குறை இதைவிடக் கனமானது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? 'காஞ்சனா'வை எடுத்துக்கொள்வோம். முற்பாதியில் நாயகன் உடம்பில் ஆவி புகுகிறது. அவன் சேலை கட்டுகிறான், மஞ்சள் பூசுகிறான், நெளிந்து நடக்கிறான். கொட்டகை சிரித்து உருள்கிறது. ஆண் பெண்ணாக நடப்பதே கேலி என்று இருந்த பழக்கத்தைப் படம் அப்படியே பயன்படுத்திக்கொள்கிறது. பிற்பாதியில் சரத்குமார் திருநங்கையாகத் தோன்றி, தான் பட்ட அவமானங்களைச் சொல்லும்போது, அதே கொட்டகை கண் கலங்குகிறது. சரத்குமார் போன்ற ஒரு நாயக நடிகர் அந்த வேடத்தை மதிப்போடு ஏற்றது துணிவான செயல், பாராட்டுகிறோம். தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது 2008இல். அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014இல். நடுவே 2011இல், எந்தத் தீர்ப்பையும் படிக்காத மக்களிடம் ஒரு பேய்ப் படம் அவர்களுடைய வழக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. முற்பாதியில் சிரித்தோமே, அந்தச் சிரிப்புத்தானே காஞ்சனாவை வீட்டைவிட்டுத் துரத்தியது? தெருவில் அவளைப் பார்த்துச் சிரித்த வாய்களும் கொட்டகையில் சிரித்த வாய்களும் வேறு வேறா? படம் இதை நம்மிடம் கேட்டிருந்தால், "இப்போது சிரித்தாயே" என்று பிற்பாதி முற்பாதியைச் சுட்டியிருந்தால், அது மகத்தான படமாகியிருக்கும். கேட்கவில்லை. சிரிப்புக்கு ஒரு டிக்கெட், அழுகைக்கு ஒரு டிக்கெட் என்று இரண்டையும் ஒரே விலையில் விற்றுவிட்டது. குற்றம் முழுவதையும் ஒரு சட்டமன்ற உறுப்பினர் தலையில் கட்டிவிட்டு நம்மை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பாதி நியாயம் என்று தலைப்பில் நாம் சொன்னது இதைத்தான்.

அதே படத்தில் நம் வாசகர்கள் கவனிக்கவேண்டிய இன்னொரு பாத்திரம் உண்டு. துரத்தப்பட்ட காஞ்சனாவுக்கு அடைக்கலம் தருபவர் ஒரு முஸ்லிம். பாபு ஆண்டனி ஏற்ற அந்தப் பாத்திரம், மனவளர்ச்சி குன்றிய தன் மகனோடு, தந்தையே கைவிட்ட ஒருவரையும் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றுகிறது. அதற்காக மகனோடு உயிரையும் விடுகிறது. தமிழ்த் திரை முஸ்லிமைக் கடத்தல்காரனாகவும் குண்டு வைப்பவனாகவும் காட்டிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒருவர் வந்தது மனத்துக்கு இதமளித்தது. ஆயினும் அவருடைய ஆவி நாயகன் உடம்பில் பேசும்போது இந்தியில் பேசுகிறது. அந்த இந்தியும் சிரிப்புக்குரியதாக ஆக்கப்படுகிறது. சென்னையிலும் வடாற்காட்டிலும் உருது பேசுவோர் உண்டு. அவர்களுடைய மொழி சிரிப்புக்குரியதன்று. தாமிரபரணிக் கரையில் தறி நெய்து வாழ்ந்த மேலப்பாளையத்து மக்களுக்கோ தாலாட்டும் தமிழ், ஒப்பாரியும் தமிழ். திரைக்கு ஒரே ஒரு 'பாய்'தான் தெரியும். அவர் உயிரோடு இருந்தால் தாயத்தும் மயிலிறகும் சாம்பிராணிப் புகையுமாகப் பேயோட்ட வருவார். செத்தால் இந்தியில் பேசுவார். அவருடைய மனைவி யார், அவர் எந்தக் கடையில் சாயா குடிப்பார், எதற்குச் சிரிப்பார் என்று எழுதியவருக்கும் தெரியாது. பயன்படுத்தத் தெரிந்தது, பழகத் தெரியவில்லை.

மூன்றாம் குறை முடிவில் இருக்கிறது. பேய் தன்னைக் கொன்றவனைக் கொல்கிறது, மேளம் முழங்குகிறது, படம் முடிகிறது. பறிக்கப்பட்ட நிலம் என்னவாயிற்று? வாக்களித்த வீடுகள் கட்டப்பட்டனவா? மகளைக் கொன்ற வீட்டார் எந்தப் பெருமையைக் காக்கக் கொன்றார்கள்? இக்கேள்விகள் பழிவாங்கும் ஆரவாரத்தில் அமுங்கிவிடுகின்றன. நெல்லைச் சீமையில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆணவக் கொலை என்பது நம் மாவட்டத்துச் செய்தித்தாளில் பழைய சொல்லாகவில்லை. காதலித்த குற்றத்துக்காகப் பட்டப்பகலில் இளைஞர்கள் வெட்டப்படும் மண்ணில், அதே கொலையைப் பாட்டுக்கும் கேலிக்கும் நடுவே இருபது நிமிட முன்கதையாகக் காட்டிவிட்டு நகர்வது எளிதாக இருக்கக்கூடாது. இங்கே கொலையுண்டவர்கள் எழுந்து வரமாட்டார்கள். அவர்களுக்காக உயிரோடு இருப்பவர்கள்தான் எழவேண்டும்.

சங்கிலியின் ஓசை

இன்னொன்றைச் சொல்லாமல் போனால் நம் கடமையில் தவறியவர்களாவோம். இப்படங்களில் பேய் பிடித்தவர் கண்ணை உருட்டுகிறார், குரல் மாறுகிறது, அவரைக் கட்டிப்போட்டு அடிக்கிறார்கள், புகை போடுகிறார்கள், குணமாகிறது. குழந்தைகளும் தாய்மாரும் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். நம் பகுதியில் வியாழன் மாலைகளில் தர்காக்களின் வெளிமுற்றத்தில் போய்ப் பாருங்கள். தலைவிரி கோலமாய் ஆடும் பெண்களில் எத்தனை பேர் மனநோயாளிகள், எத்தனை பேர் புகுந்த வீட்டில் வாய் திறக்க முடியாமல் அங்கே வந்து வாய் திறப்பவர்கள் என்று யார் விசாரித்தார்கள்? எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். எல்லாச் சமயத்தாரிடமும் இந்த அறியாமை இருக்கிறது.

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். இறந்தவர் 28 பேர். உச்சநீதிமன்றம் தானாகவே அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் மனநோயாளியைச் சங்கிலியில் பிணைப்பதைத் தடை செய்தது. ஜின்னைப் பற்றித் திருக்குர்ஆன் பேசுகிறது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நோயாளியைச் சங்கிலியில் கட்டும்படி அது எங்கும் சொல்லவில்லை. நோய்க்கு மருந்து தேடுங்கள் என்பதுதான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டல். கட்டிவைத்து அடிக்கும் காட்சியைச் சிரிப்பாக எடுப்பவர், அந்த 28 பேரையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்கட்டும்.

இதற்கு மாற்று வழி நம் பக்கத்திலேயே உண்டு. 1993இல் ஆலப்புழைக்காரரான ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' மலையாளப் படத்தின் காட்சிகள் சில, குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டவை. அதுவே 2005இல் பி. வாசுவின் இயக்கத்தில் 'சந்திரமுகி'யாகத் தமிழுக்கு வந்தது. வடிவேலுவின் நடுக்கத்துக்குச் சிரித்த நாம், பேய் என்று எல்லோரும் நினைத்தது ஒரு பெண்ணின் மனநோய் என்று தெரிந்ததும் மௌனமானோம். அவளை அடிக்கவில்லை, ஒரு மருத்துவர் அவளைப் புரிந்துகொள்கிறார். சிரிப்பு பயப்படுகிறவரோடு நின்றது, நோயாளியைத் தொடவில்லை. அந்த எல்லைக்கோடுதான் நாகரிகம்.

இரண்டு எழுத்தாளர்கள்

காஞ்சனா என்னும் பெயரைக் கேட்டதும் நெல்லையின் இலக்கிய வாசகனுக்கு நினைவு வருவது திரைப்படமன்று, புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. 1943இல் அப்பெயரிலேயே அவருடைய தொகுப்பும் வெளிவந்தது. தூக்கம் வராத ஓர் எழுத்தாளர். சிரித்துப் பேசும் மனைவி. வாசலில் வந்து நிற்கும் ஒரு பிச்சைக்காரி. மனைவி இரங்கி அவளை வீட்டோடு வைத்துக்கொள்கிறாள். இரவில் ஒரு நாற்றம் வருகிறது. ஒரு மணமும் வருகிறது. இவ்வளவுதான் கதையின் மூலதனம். கணவன் மனைவி கேலிப் பேச்சில் நாம் புன்னகைத்துக்கொண்டிருக்கும்போதே முதுகுத்தண்டில் குளிர் ஏறுகிறது. வந்தவள் யார் என்பதை அவர் சொல்லி முடிக்கவில்லை. 'வேதாளம் சொன்ன கதை'யிலோ வேதாளத்தையே பரிதாபத்துக்குரிய கிழமாக்கிச் சிரிக்கவைத்தார். அவரும் கடைசிக் காலத்தில் திரையுலகுக்குப் போனவர்தான். 1948இல் மறைந்துவிட்டார், தம் பேய்களைத் திரைக்குக் கொண்டுவர அவருக்கு ஆயுள் இல்லை. அந்த இழப்பைத் தமிழ்த் திரை இன்னும் உணரவில்லை.

மலையாளத்துக்கு அந்த நற்பேறு வாய்த்தது. 'காதலிக்க நேரமில்லை' வந்த அதே 1964இல், வைக்கம் முகம்மது பஷீர் தம் 'நீலவெளிச்சம்' கதையைத் தாமே விரித்தெழுத, வின்சென்ட் இயக்கிய 'பார்கவி நிலையம்' வெளிவந்தது. பேய் வீடு என்று ஊரார் அஞ்சும் வீட்டில் ஓர் எழுத்தாளன் குடியேறுகிறான். பயமில்லாதவன் அல்லன், பயத்தோடே அந்தப் பெண் ஆவியிடம் பேசத் தொடங்குகிறான். வீட்டுக்கு உரியவளிடம் விருந்தாளி பேசுவதுபோல மரியாதையாக, செல்லமாக, கொஞ்சம் கேலியாகப் பேசுகிறான். அவளுடைய கதையை எழுதுகிறான். எழுதும்போது அவள் கொலையுண்டவள் என்று வெளிப்படுகிறது. அதில் சிரிப்பு எழுத்தாளனின் தனிமையிலிருந்து வருகிறது. ஊராரின் நடுக்கத்திலிருந்தும் வருகிறது. கொலையுண்ட பெண்ணைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அதில் நகைச்சுவை வேடமேற்ற நடிகர், தம் பாத்திரத்தின் பெயரையே தம் பெயராக்கிக் 'குதிரவட்டம் பப்பு' ஆனார். முப்பது ஆண்டு கழித்து அவரே 'மணிச்சித்திரத்தாழ்' படத்திலும் பயந்து நம்மைச் சிரிக்கவைத்தார். ஒரு மரபு இப்படித்தான் கைமாறுகிறது.

இங்கே நம்மோடு நெல்லையில் வாழ்ந்து 2019இல் மறைந்த தோப்பில் முஹம்மது மீரானையும் நினைக்கவேண்டும். 1988இல் நூலாக வந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில், மக்களின் நம்பிக்கையைத் தம் பிழைப்பாக்கிக்கொள்ளும் தங்ஙளை அவர் எள்ளி நகையாடினார். ஏமாந்த மக்களை எள்ளவில்லை, அவர்களுக்காக வருந்தினார். எள்ளலின் திசை எது என்பதே எழுத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

தமிழ்ப் படங்களில் இத்திசையில் கொஞ்சம் நகர்ந்தவையும் இல்லாமலில்லை. 2019இல் வந்த 'பெட்ரோமாக்ஸ்', 2017இன் 'ஆனந்தோ பிரம்மா' என்னும் தெலுங்குப் படத்தின் தழுவல். ஒரு வீட்டில் பேய் இல்லை என்று காட்ட நால்வர் சில இரவுகள் தங்குகிறார்கள். நால்வருக்கும் பணமுடை, ஒருவர் நெஞ்சு நோயாளி. அவர்களைப் பயமுறுத்த வந்த பேய்கள் கடைசியில் அவர்களைக் கண்டு பயப்படுகின்றன. பசியும் கடனும் உள்ளவனுக்குப் பேய் ஒரு பொருட்டா என்னும் கேள்வி அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. அந்த நால்வரின் உடற்குறைகளையே கேலிக்கு எடுத்துக்கொண்டது மட்டும் பழைய நோய். ஆனாலும் அந்த இரவுகளில் நாம் சிரித்த சிரிப்பில் பெரும்பகுதி ஏழையின் பக்கம் நின்று சிரித்தது. அந்த வழியில் இன்னும் நாலடி நடந்தால் போதும்.

இவ்வளவும் ஒரு பொழுதுபோக்குப் படத்திடம் கேட்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கலாம். பொழுதுபோக்கு என்று பெயர் வைத்தவுடன் பொறுப்பு போய்விடுவதில்லை. மக்கள் காவலின்றி மனத்தைத் திறந்து வைப்பது அங்கேதான். சிரிக்கும்போது உள்ளே போவது நெடுநாள் தங்கும். நாம் கேட்பது பெருஞ்செலவன்று. செலவேயில்லாத மூன்று காரியங்கள். இடி முழக்கத்தைக் குறைத்து மௌனத்தை நம்புங்கள். பயப்படுகிறவனைப் பார்த்துச் சிரிக்கவையுங்கள். வதைபட்டவரைப் பார்த்துச் சிரிக்கவைக்காதீர்கள். பேயாக வருபவருக்குக் கடைசி இருபது நிமிடத்தில் கதை கொடுக்காமல், முதல் காட்சியிலேயே ஒரு பெயரும் ஒரு முகமும் கொடுங்கள்.

அன்று பாலத்தின்மேல் உரக்கப் பேசிக்கொண்டு வந்த நால்வரில் ஒருவன் மட்டும் பேசவில்லை என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. வீட்டு வாசலை அடைந்ததும் அவன் கேட்டான்: "சிரிச்சோமே, அந்தப் பொம்பளை ஏன்டா பேயா ஆனா?" எங்களிடம் பதில் இல்லை. அவனைக் கேலி செய்து சிரித்துவிட்டுக் கலைந்தோம். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் படங்கள் இன்னும் பாதிப் பதிலே சொல்லிக்கொண்டிருக்கின்றன.